பாக்கலாம்

செங்காந்தள் பஸ் கம்பெனியில் அந்த இயந்திரத்துக்குப் பெயர் மாப்பிள்ளை. விற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது யார் வாயிலும் நுழையவில்லை. வந்து இறங்கிய முதல் வாரமே முதலாளி குழந்தைசாமி பெயர் சூட்டிவிட்டார். "ஆபீசுல ஏசி இருக்கற ஒரே ரூம அவருக்கு ஒழிச்சுக் குடுத்தாச்சு. அவரு சொன்னா எல்லாரும் கேட்டுக்கறோம். கொஞ்சம் சூடாச்சுன்னா கோவிச்சுக்கிட்டுப் படுத்துக்கறாரு. இதுக்கு வேற என்ன பேருங்கறேன்?" என்றார். அன்றிலிருந்து கிளீனர் முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். அது, இது என்று யாரும் வாய் தவறியும் சொல்வதில்லை.

மாப்பிள்ளையின் வேலை, கோபிக்கும் சத்திக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே ஓடுகிற கம்பெனி வண்டிகளை மேய்ப்பது. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி, எந்த நடையை, அதாவது எந்த டிரிப்பை, நிறுத்துவது, எதைக் கூட்டுவது, எல்லாம் அவர் சொல்வதுதான். பயணிகள் படியேறும்போது தட்டுகிற கார்டில் எல்லோருடைய போக்குவரத்தும் அவருக்கு அத்துப்படி. யார் சம்பளம் வாங்கினார்கள், யார் மாமியார் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பது வரை கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். சும்மா சொல்லக் கூடாது, பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆனால் மாப்பிள்ளை தனியாக முடிவெடுக்க முடியாது. இந்த மாதிரி இயந்திரங்களை நம்பி நாலைந்து பெரிய கம்பெனிகள் அடியோடு கவிழ்ந்த பிறகு சர்க்கார் ஒரு சட்டம் போட்டிருந்தது. ஒவ்வொரு முடிவிலும் ஒரு மனிதரின் மனசும் சேர வேண்டும். கணக்கு பாதி, மனசு பாதி. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்.

செங்காந்தளில் அந்த மனசு தமயந்தியுடையது. பத்தொன்பது வயதில் டிக்கெட் புக்கிங்கில் சேர்ந்தவள்; இப்போது நாற்பத்தேழு வயது, டிராபிக் மேனேஜர். எந்த ஊரில் எந்தத் திருவிழாவுக்குக் கூட்டம் ஏறும், எந்த டிரைவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு எப்படியோ தெரியும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு விஷயம் தப்பாகப் போகப் போகிறது என்றால் அவளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும், அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தப் புளி அவளைக் கைவிட்டது குறைவு.

சட்டப்படி அவள் கையில் ஒரு பட்டை கட்டினார்கள். அவள் பேச்சையும் நாடியையும் கேட்டுக்கொண்டிருக்கும் பட்டை. யாரும் மிரட்டி சம்மதம் வாங்கிவிடக் கூடாதாம். தினமும் பத்து மணிக்கு மாப்பிள்ளை தன் முடிவுகளைத் திரையில் போடுவார். பதினோரு மணிக்குள் 'வேண்டாம்' என்று சொல்லலாம். பதில் வராவிட்டால் சம்மதம். பதினோரு மணிக்கு மூடிவிட்டால், நிறுத்திய வண்டி நிறுத்தியதுதான், மூன்று மாதத்துக்கு ஆண்டவனே வந்தாலும் அசைக்க முடியாது. மூன்றாம் மாதக் கடைசியில் யார் சொன்னது பலித்தது என்று மதிப்பெண் போடுவார்கள்.

அந்த மதிப்பெண்ணுக்குத்தான் எடை என்று பெயர்.

"உங்களுக்கு ஆரம்பத்துல ஐம்பது குடுத்திருக்குங்க மேடம்," என்று விளக்கினான் ஆனந்தரூபன். இயந்திரத்தை விற்ற கம்பெனி அனுப்பிய இன்ஜினியர், கோயமுத்தூர்க்காரன், மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காகவே இங்கே நிரந்தரமாக இருந்தவன். "மாப்பிள்ளை ஒரு முடிவச் சொல்றப்ப, தனக்கு எவ்வளவு நிச்சயம்னும் சொல்லுவாரு. அதவிட உங்க எடை அதிகமா இருந்தா உங்க 'வேண்டாம்' செல்லும். கம்மியா இருந்தா செல்லாது. நீங்க சொன்னது பலிச்சா எடை ஏறும். பலிக்கலேன்னா எறங்கும்."

"மனசுக்கு மார்க்கு போடறீங்க."

"எல்லாத்துக்கும் போடறோமே மேடம்."

முதல் வருஷம் அவள் மூன்று முறை 'வேண்டாம்' என்றாள். ஒன்று அவள் தப்பு. மாப்பிள்ளை சொன்னபடியே வண்டியை மார்க்கெட் வழியாக விட்டிருந்தால் நன்றாக ஓடியிருக்கும். ஒன்று எந்தப் பக்கமும் சொல்ல முடியாதது. மூன்றாவது, சத்தி பூ மார்க்கெட்டுக்குப் போகிற விடியற்கால வண்டி. நஷ்டம், நிறுத்து என்றார் மாப்பிள்ளை. புளி கரைத்தது, தமயந்தி மறுத்தாள். மூன்று மாதம் வண்டி காலியாகத்தான் ஓடியது. நாலாவது மாதம் கல்யாண முகூர்த்தக் காலம் பிறந்து, மல்லிகைக் கூடைகள் படிக்கட்டு வரை நின்றன. ஆனால் மதிப்பெண் மூன்றாவது மாதமே போட்டு முடிந்திருந்தது. அவள் எடை பதினொன்றுக்கு வந்து நின்றது. பதினொன்றை வைத்துக்கொண்டு ஒரு ஓட்டை டயரைக்கூட மாற்ற முடியாது.

முதலாளி கதை இன்னும் மோசம். தன் பங்குக்கு அவரும் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, வந்ததற்கெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, ஒரே வருஷத்தில் நாலுக்கு வந்துவிட்டார். பட்டையைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டார். "எங்கப்பன் வாங்குன பஸ்சுல எனக்கு நாலு," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு கண் வரை போகாது.

அந்த நாட்களில்தான் மாரப்பன் அவளைப் பார்க்க வந்தார். கம்பெனியின் பழைய கண்டக்டர், அவளைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவள் புக்கிங் கிளார்க்காக இருந்தபோது கலெக்‌ஷன் பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, 'அம்மிணி, சாப்டாச்சா' என்று தினமும் கேட்டவர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று நாள் கோபி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மத்தியானம் படுத்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் விடுவார்கள். வீடு மலையடிவாரத்தில், கல்லாங்குத்தில். அந்த ஊருக்குக் கடைசி வண்டி ஒன்பது மணி வண்டி. அதற்கு முந்தியது ஏழரை.

"காலைல மாத்திக் கேட்டேனுங்க அம்மிணி. அதுக்கு எனக்கு முன்னாடி முப்பது பேரு நிக்கறாங்க. அந்த ஒன்பது மணி வண்டில தெனமும் நாலஞ்சு பேருதான் வர்றோம். எனக்குத் தெரியாதா, நானே டிக்கெட் கிழிச்ச ரூட்டு. உங்க மாப்பிள்ளை கண்ணுல அது ஒரு நாள் படும். பட்டுச்சுன்னா..." என்று நிறுத்தினார். "அத மட்டும் காப்பாத்திக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கலைங்க."

"அது என் பொறுப்புங்கண்ணா. நீங்க நிம்மதியாப் போங்க," என்றாள் தமயந்தி.

சொல்லிவிட்டாள். கையில் இருப்பது பதினொன்று. அன்று சாயங்காலமே டீக்கடையில் ஆனந்தரூபனைப் பிடித்தாள்.

"எடைய ஏத்தறதுக்கு என்ன வழிங்க?"

அவன் டீயை ஆற்றிக்கொண்டே அக்கம்பக்கம் பார்த்தான். "நான் சொன்னேன்னு சொல்லக் கூடாது. ஒத்துப் போயிருங்க மேடம். அவரு சொல்றதுக்கு நீங்க சம்மதிச்சு, அது பலிச்சா, ரெண்டு பேருக்கும் மார்க்கு. அவரு சொல்றதுதான் பெரும்பாலும் பலிக்குதே. கொஞ்சங் கொஞ்சமா ஏறும். அப்பறம் ஒரு நாள், உங்களுக்கு ரொம்ப முக்கியமான ஒண்ணுக்கு, மொத்தத்தையும் எடுத்து வெக்கலாம்."

"ஒரு தடவ வேண்டாம்னு சொல்றதுக்கு, ஓராயிரம் தடவ தலையாட்டணும்."

"அப்படித்தானுங்க டிசைன்."

ஆக, தமயந்தி தலையாட்டத் தொடங்கினாள். ஏழு வருஷம் ஆட்டினாள்.

தலையாட்டுவது எளிதில்லை. ஊஞ்சப்பாளையம் பள்ளிக்கூட நேர வண்டியை முக்கால் மணி நேரம் தள்ளிவைக்கச் சொன்னார் மாப்பிள்ளை. அதில் வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண் பிள்ளைகள். பள்ளி தொடங்கிய பிறகு போய்ச் சேரும் வண்டியால் என்ன பிரயோஜனம்? ஆனால் அந்த நேரத்துக்கு மில் ஷிப்டு ஆட்கள் ஏறுவார்கள், வண்டி நிறையும். தமயந்திக்கு அன்று வயிற்றில் புளி கரைந்தது கொஞ்சநஞ்சமில்லை, மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. 'சரி' என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"பாக்கலாம்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினோரு மணி ஆனது. பதில் வராததால் சம்மதம் என்று மூடிக்கொண்டது. மூன்றாம் மாதக் கடைசியில் எடை ஒரு புள்ளி ஏறியது. பள்ளிப் பிள்ளைகளின் கார்டில் பாதி முதல் மாதத்திலிருந்தே எந்த வண்டியிலும் தட்டப்படவில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று திரையில் ஒரு இடமும் இல்லை.

அந்த வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைசாமியின் ஆபீசில் முப்பது வருஷமாக யாரும் யார் முகத்துக்கு நேரேயும் முடியாது, வேண்டாம் என்று சொன்னதில்லை. நல்ல குடும்பத்தில் யார்தான் சொல்வார்கள்? பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் 'பாத்துட்டுச் சொல்றோம்' என்றால், பெண் வீட்டார் மறுநாளே அடுத்த ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள். முதலாளி ஒரு முறை படுக்கை வசதி பஸ் நாலு வாங்கப் போவதாகக் குதித்தார். தமயந்தி "பாக்கலாங்கய்யா" என்றாள். அவர் முகம் சுருங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. அந்த ஆபீசில் பாக்கலாம் என்றால் வேண்டாம். மரியாதையான வேண்டாம்.

மாப்பிள்ளையிடம் அவள் அதையே சொல்லிப் பழகினாள். எத்தனை வண்டியோ அத்தனை பாக்கலாம். ஒவ்வொன்றும் வாயளவில் ஒரு மறுப்பு, கையளவில் ஒரு சம்மதம். மனசாட்சிக்கு ஒரு மிட்டாய். மலைக்கோயில் கிருத்திகை வண்டிக்குப் பாக்கலாம். சந்தை நாள் வண்டிக்குப் பாக்கலாம். மூன்றாம் வருஷம் வாக்கில் மத்தியானச் சாப்பாடு ஒழுங்காக இறங்க ஆரம்பித்தது. ஐந்தாம் வருஷம் புளி எப்போது கடைசியாகக் கரைத்தது என்று யோசித்தால் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அதை நல்லதென்றே நினைத்தாள். வயசாகிறது, பக்குவம் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

எடை தொண்ணூற்றொன்று ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் மாரப்பனைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்: "உங்க வண்டிக்கு நானாச்சுங்கண்ணா." அவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

அந்த நாள் ஒரு தை மாத வியாழக்கிழமை வந்தது. முதலாளியின் பேத்திக்கு முந்தின நாள்தான் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. ஆபீஸ் முழுக்கச் சொந்தபந்தம். மேஜை மேல் பழத்தட்டும் வெற்றிலையும் லட்டு டப்பாவும். முதலாளி வாயெல்லாம் பல்லாக எல்லோருக்கும் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்குத் திரையில் மாப்பிள்ளை தன் பாட்டுக்கு வந்து நின்றார்.

கல்லாங்குத்து, ஒன்பது மணி நடை, நிறுத்தம். வழக்கமான பயணிகள் ஐவர். நால்வர் ஏழரை மணி வண்டிக்கு மாறுவர். ஒருவர் குறைவார். நிச்சயம் எண்பத்தைந்து.

தமயந்தி படித்தாள். தினமும் படிக்கிற மாதிரியே படித்தாள். இதுதான் அது என்று புத்தி சொன்னது. ஏழு வருஷம் சேர்த்தது இதற்குத்தான். எண்பத்தைந்தைவிடத் தொண்ணூற்றொன்று பெரிது. எழுந்து நின்று 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது வேலை.

முதலாளியும் எட்டிப் பார்த்தார். சம்பந்தி வீட்டார் பக்கத்திலேயே நின்றார்கள். "அட, நம்ம மலையடிவாரத்து வண்டி. என்ன தமயந்தி, மாப்பிள்ளை சொல்றாரு, முடிச்சுரலாமா?" என்று சிரித்தபடி ஒரு லட்டை அவள் கையில் வைத்தார்.

நல்ல காரியம் நடந்த வீடு. சம்பந்திகள் முன்னால் முதலாளி கேட்கிறார். எந்தத் தமிழச்சி அந்த இடத்தில் வேண்டாம் என்பாள்?

"பாக்கலாங்கய்யா," என்றாள் தமயந்தி.

முதலாளி ஒரு நொடி அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது; முப்பது வருஷப் பழக்கம். "ஆச்சு, அப்ப அது ஓடட்டும் விடு," என்று சம்பந்தியின் தோளில் கை போட்டுக்கொண்டு போனார். தமயந்தி லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். ஏழு வருஷப் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தாள். திரையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பலகையில் ஒன்பது மணி வண்டி இல்லை.

"நான் வேண்டாம்னு சொன்னேனுங்க," என்றாள் அவள், ஆனந்தரூபன் முன்னால் நின்று. முதலாளியும் கூட நின்றார்.

"நானும் கேட்டேன். வேண்டாம்னுதான் சொல்லுச்சு," என்றார் அவர்.

ஆனந்தரூபன் பதிவைப் போட்டுக் காட்டினான். பாக்கலாங்கய்யா, என்றது அவள் குரல். "மேடம், மாப்பிள்ளை அகராதியப் பாத்துப் புரிஞ்சுக்கறதில்ல. உங்களப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறாரு. நீங்க இந்த வார்த்தைய எரநூறு தடவைக்கு மேல சொல்லியிருக்கீங்க. ஒரு தடவ கூட அப்பறம் வேண்டாம்னு சொன்னதில்ல. எல்லாமே சம்மதத்துலதான் முடிஞ்சிருக்கு. உங்க வாயில பாக்கலாம்னா சரின்னு அர்த்தம்னு நாலு வருஷத்துக்கு முன்னாடியே அவரு கத்துக்கிட்டாரு."

"ஊர்ல ஒரு கொழந்தையக் கேளுய்யா, பாக்கலாம்னா என்னன்னு சொல்லும்," என்றார் முதலாளி. "மாத்து. இது என் பஸ்சு."

"பதினோரு மணிக்கு மூடிருச்சுங்கய்யா. மூணு மாசம். அதுவுமில்லாம உங்க எடை..."

"நாலு. தெரியும்," என்றார் முதலாளி, நாற்காலியில் உட்கார்ந்தபடி.

ஆனந்தரூபன் குரலைத் தாழ்த்தினான். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வார்த்தைய மட்டும் வெச்சு அவரு முடிவு பண்றதில்ல. நாடியையும் பாப்பாரு. பூ வண்டிக்கு வேண்டாம்னு சொன்னீங்க இல்ல, அன்னிக்கு உங்க நாடி எகிறி அடிச்சிருக்கு. பள்ளிக்கூட வண்டிக்கும் அப்படித்தான். நேத்து ஒரு அசைவும் இல்ல. சந்தை வண்டிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்துச்சு. நெஜமாவே உங்களுக்கு வேண்டாம்னு இருந்துச்சாங்க?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். நேற்றைய காலையை மனசில் ஓட்டிப் பார்த்தாள். திரை இருந்தது, எழுத்து இருந்தது, லட்டின் இனிப்பு இருந்தது. புளி இல்லை. மாரப்பன் முகம்கூட வரவில்லை; எண்பத்தைந்தும் தொண்ணூற்றொன்றும்தான் வந்தன. மாப்பிள்ளை நினைக்கிற மாதிரியே அவளும் நினைத்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த ஆபீசில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து மாரப்பன் வந்தார். முகம் ஊதி, செருப்புக்குள் அடங்காத காலோடு படியேறி வந்தார். கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மூணு மாசங் கழிச்சுத் திரும்ப விடுவாங்களா அம்மிணி?"

விடுவோம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஏற்கெனவே ஒரு வாக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று. இன்னொன்று கொடுக்க நாக்கு எழவில்லை.

"பாக்கலாங்கண்ணா."

மாரப்பன் அவளையே பார்த்தார். ஆயுசில் பாதி பஸ் படியில் நின்றவர். ஸ்டாப் இல்லாத இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் அதுதான், பாக்கலாம், உள்ள போங்க. அந்தப் பதிலுக்கு வண்டி ஒரு நாளும் நின்றதில்லை.

"சரிங்க," என்றார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை மாப்பிள்ளை ஒரு விதமாகவும் மாரப்பன் ஒரு விதமாகவும் புரிந்துகொண்டார்கள்.

சும்மா இருந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தன் கைக்காசில் ஆட்டோ வைத்தாள். இரண்டு வாரம் ஏறினார், அப்புறம் கூச்சப்பட்டு ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி தன் காரையே அனுப்பினார். பத்து நாள் போனது, பேத்தி கல்யாண வேலை வந்தது, கார் பந்தல்காரன் பின்னால் போய்விட்டது. யாருடைய மனசும் கெட்டதில்லை. ஆனால் மனசு ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் மறக்கும். யார் தயவும் இல்லாமல் காசு கொடுத்து உரிமையோடு ஏறி உட்கார்வதற்கு பஸ் ஒன்றுதான் இருந்தது.

ஏழரை வண்டியைப் பிடிக்க மாரப்பன் மெஷினிலிருந்து முக்கால் மணி நேரம் முன்னதாகவே கழற்றச் சொல்லி எழுந்துவிடுவாராம். அப்புறம் மூன்று நாள் இரண்டு நாளானது. பங்குனிக் கடைசியில் ஒரு விடியற்காலை மூச்சுத் திணறிப் போய்விட்டார். அவர் மனைவி திலகா எழுப்ப வந்தபோது உடம்பில் சூடு இருந்ததாம்.

மூன்றாம் மாதக் கடைசியில் மாப்பிள்ளை மதிப்பெண் போட்டார். கல்லாங்குத்து, ஒன்பது மணி நடை. நால்வர் ஏழரை வண்டிக்கு மாறுவர்: சரி. ஒருவர் குறைவார்: சரி. முடிவு பலித்தது. தமயந்தியின் எடை தொண்ணூற்றிரண்டு.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவர் குறைவார். அன்றைக்கே எழுதியிருந்தது. ஒளித்து மறைத்து ஒன்றும் எழுதவில்லை. பெரிய எழுத்தில், அவள் கண்ணுக்கு நேரே, பழத்தட்டுக்கு மேலே எழுதியிருந்தது. குறைவார் என்றால் என்ன என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வேறு வண்டியில் போவார், வேலை மாறுவார், மகன் வீட்டுக்குப் போவார் என்றுகூட நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை.

"இது யாருன்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

ஆனந்தரூபன் தலை குனிந்தான். "கார்டு நம்பர் தெரியுங்க மேடம். வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரி ஸ்டாப்புல ஏறுவாருன்னு தெரியும். அத வெச்சு... மறைக்கணும்னு அவருக்கு ஒண்ணும் இல்ல. சொல்லித்தான இருக்காரு. அது என்னன்னு கேக்கறதுக்குத்தான் மனுஷங்களப் போட்டிருக்கு."

அப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, தமயந்திக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பட்டையில் நாடி எகிறுவதை ஆனந்தரூபன் திரையில் பார்த்தான்.

"ஒன்பது மணி வண்டி திரும்ப ஓடட்டும்," என்றாள். "நிறுத்த வேண்டாம். வேண்டாம்னா வேண்டாம். இப்பப் புரிஞ்சுதான்னு கேளுங்க உங்க மாப்பிள்ளைய."

நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்கட்டும், நிச்சயம் தொண்ணூறு என்றார் மாப்பிள்ளை. அவளுடையது தொண்ணூற்றிரண்டு. அவள் 'வேண்டாம்' செல்லுபடியானது.

வண்டி மறுபடி ஓடியது, காலியாக. மாறிப்போன நால்வரும் ஏழரைக்கே பழகிவிட்டார்கள். ஒன்பது மணிக்கு ஏற ஆள் இல்லை. ஒரு தடவை நிறுத்தித் திரும்ப விட்ட வண்டியைப் பற்றி மாப்பிள்ளை தினமும் மறுபடி கேட்பார், அவருக்கு அலுப்பு என்பதே கிடையாது. தினமும் பத்து மணிக்கு அவள் திரை முன்னால் போய் 'வேண்டாம்' என்றாள். அப்படிப்பட்ட வண்டிக்கு மூன்று மாதக் கணக்கில்லை; ஒவ்வொரு மறுப்புக்கும் அன்றன்றே கொஞ்சம் எடை கழிந்தது. மற்றதற்கும் அவள் இப்போது வேண்டாம் என்றுதான் சொன்னாள். பிரசவ ஆஸ்பத்திரி வழியாகப் போகிற வண்டியை நிறுத்த வேண்டாம் என்றாள், செல்லுபடியாகவில்லை. ஊஞ்சப்பாளையத்துக்குப் பழைய நேரத்தைத் திருப்பிக் கேட்டாள், கிடைக்கவில்லை. ஏழு வருஷம் சேர்த்தது அத்தனையும் ஒரு காலி வண்டிக்கு டீசலாகப் போய்க்கொண்டிருந்தது. ஆரம்பத்திலேயே தினமும் ஒரு வேண்டாம் சொல்லியிருந்தால் எடை மிஞ்சியிருக்காது. ஆனால் ஒருவர் குறைவார் என்பதைப் படித்ததும் புளியாவது கரைந்திருக்கும், யார் என்றாவது கேட்டிருப்பாள். இதை யாரிடம் சொல்லி அழுவது?

கல்லாங்குத்து வண்டியை மட்டும், ஒரு தடவை திரும்ப விட்டாயிற்று என்பதால், நிச்சயத்துக்குக் கீழே இறங்கிய பிறகும் எடையைக் கரைத்துக் கரைத்துப் பிடித்துவைத்திருக்கலாம் என்றான் ஆனந்தரூபன். இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்றான்.

ஆனி மாதம் ஒரு காலை, பத்தரை மணி வாக்கில், அவள் இன்னும் அன்றைய பதிலைச் சொல்லியிருக்கவில்லை. திரையில் கல்லாங்குத்து காத்திருந்தது. போன் அடித்தது. திலகா.

"மேடம், நல்லா இருக்கீங்களா."

"இருக்கேன் திலகா. சொல்லும்மா."

"உங்களுக்குப் பெரிய மனசுங்க. அவருக்காகத்தான் அந்த வண்டிய மறுபடி விட்டீங்கன்னு கண்டக்டர் தம்பி சொல்லுச்சு. செத்துப் போனவருக்கு யாரு இப்படிச் செய்வாங்க. ஆனா அத நிறுத்திருங்க மேடம்."

"ஏம்மா?"

"வண்டி ஊருக்குள்ள திரும்பறப்ப ஹாரன் அடிக்குதுங்க. இத்தன வருஷம் அந்தச் சத்தத்துக்குத்தான் எந்திரிச்சு சுடுதண்ணி வெப்பேன். இப்பவும் எந்திரிச்சர்றேன். பாதித் தூக்கத்துல ஒண்ணும் தெரியறதில்ல. நேத்து தட்டே எடுத்து வெச்சுட்டு வாசல்ல போய் நின்னுட்டேன். வண்டி காலியாத் திரும்பிப் போச்சு." திலகாவின் குரல் உடையவில்லை, களைத்துப் போயிருந்தது. "தெனமும் என்னால முடியலைங்க."

சரி நிறுத்திவிடுகிறேன் என்று சொல்வதா? தமயந்தி பிடித்து வைத்திருந்த ஒரே வேண்டாம் அது. முடியாது ஓடும் என்று சொல்வதா, அந்தப் பெண்ணிடம்?

"பாக்கலாம் திலகா," என்றாள்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது திரையில் கல்லாங்குத்து பச்சையாகியிருந்தது. அவள் பெயருக்கு நேரே சரி என்று விழுந்திருந்தது. பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. மாற்றிச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அறைக்கு வெளியே ஆனந்தரூபன் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. இந்த ஒரு தடவை மாப்பிள்ளை அவளைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்.

பதினோரு மணி அடித்ததும் அந்த ஊர் திரையிலிருந்து போய், அடுத்த ஊர் வந்தது.